கண்ணாடிக்குள் அக்கார்டியன் வாசித்தவன்

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடியில் குடியிருந்தான். இதைச் சொல்லிச் சிரிக்காதவர் எங்கள் தெருவில் கிடையாது. யாராவது வாயைத் திறக்குமுன் அவனே முந்திக்கொள்வான்: "ஊரையே தூக்கி விடறேன், என்னைத் தூக்க ஆளில்ல." அதற்குமேல் கேலி செய்ய வந்தவருக்கு வேலை இருக்காது.

அவன் இறந்துபோய் ஏழு மாதம் ஆகிறது. அவனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எங்கே தொடங்கினாலும் அந்த ஒன்பது நிமிடப் படத்தில் வந்து நிற்கிறது. ஆகவே அதையே எழுதிவிடுகிறேன்.

நாங்கள் மூன்று பேர். நான் மூத்தவள், பதிப்பகம் ஒன்றில் பிழை திருத்துகிறேன். நடுவில் அவன். கடைசியில் எங்கள் தங்கை; முப்பத்து மூன்று வயதாகியும் வீட்டில் அவள் பெயர் சின்னவள்தான். மூவரும் ஒரே வீட்டில் இருந்தோம். சின்னவள் பகலில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டு, மாலையில் திரைப்படக் கல்லூரியில் படத்தொகுப்பு படித்தாள். தம்பி பகலில் லிஃப்ட்டுகளுக்கு எண்ணெய் போட்டான். விடுமுறை நாட்களில் ஒரு மெல்லிசைக் குழுவில் அக்கார்டியன் பெட்டி வாசித்தான்.

வாசித்தான் என்று சொல்வதைவிட, அடைத்தான் என்று சொல்லலாம். பாடுகிறவர் இரண்டாம் சரணத்தை மறந்துவிட்டால், நினைவு வரும்வரை நடுவில் ஏதாவது வாசித்து ஓட்டையை அடைப்பது அவன் பொறுப்பு. குழுவை நடத்தும் மாஸ்டர் மேடையிலிருந்தே கண்ணைக் காட்டுவார்: "லிஃப்ட்டு, தூக்கு!" குழுவில் அவனுக்கு லிஃப்ட்டு என்றுதான் பெயர். ஒருமுறை பாட்டின் நடுவே ஜெனரேட்டர் நின்றுவிட்டது. இவன் பெட்டியைத் தோளில் போட்டபடியே இறங்கிப் போய், அதைச் சரிசெய்து, மேடையேறி, விட்ட இடத்திலிருந்து வாசித்து முடித்தான். கையெல்லாம் கிரீஸ். மறுநாள் முழுக்க வெள்ளைக் கட்டைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அவனுக்கு இசைக்குறிப்பு எழுதத் தெரியாது. தானாக ஒரு முறை வைத்திருந்தான். தரைத்தளம் பூச்சியம், மேலே போகப் போக ஒன்று, இரண்டு, மூன்று. மெட்டுகளை வேலைக்குக் கொண்டுபோகும் புகார்ப் புத்தகத்தின் பின்பக்கத்தில் மாடி எண்களாக எழுதுவான். "0 2 4 4 3 கதவு 2 0." கதவு என்றால் நின்று மூச்சு வாங்க வேண்டும். அவனுடைய சூப்பர்வைசர் ஒருநாள் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இது எந்த பில்டிங்யா? இப்படி ஏறி இறங்கினா மோட்டார் எரிஞ்சிடுமே!" என்று பதறியிருக்கிறார்.

சின்னவளின் கதைக்கு வருகிறேன். முந்தைய ஆண்டு அவளுடைய பரீட்சைப் படத்தில் கூடப் படித்தவன் ஒருவன் எங்கிருந்தோ எடுத்த இசையை ஒட்டிவிட்டான். சொந்த இசை இல்லாத படம் செல்லாது என்பது கல்லூரி விதி. படம் தள்ளுபடி. இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான். கல்லூரியின் எடிட்டிங் அறையில் உதவியாளர் வேலை ஒன்று காலியாக இருந்தது. அவளுடைய ஆசிரியை அதை மாதக் கடைசி வரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். டிப்ளமோ கையில் இருந்தால் சின்னவளுக்கு. இல்லையென்றால் மறுபடி ஜெராக்ஸ் கடை, ஆயுள் முழுக்க.

"இந்தத் தடவை வெளி ஆளே வேண்டாம்" என்றாள். "வீட்டுலயே வாத்தியக்காரன் இருக்கான். அவனைப் பத்தியே படம். அவனே மியூசிக்."

"நான் ஓட்டை அடைக்கிறவன்டி. எனக்குன்னு மெட்டு ஏது?"

"பதினாலு வருஷமா அடைச்சிருக்கியே அண்ணா, அதையெல்லாம் கூட்டிப் பெருக்கினா ஒண்ணு தேறாதா?"

"குப்பையைக் கூட்டற மாதிரி சொல்றா பாரு அக்கா!"

கதை இதுதான். ஒருவன் அறையில் தனியாக அமர்ந்து ஒரு மெட்டை வாசிக்கிறான். முடியும் இடத்துக்கு வரும்போதெல்லாம் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். பால்காரர், பக்கத்து வீட்டுக்காரி, கூரியர் ஆள். ஒவ்வொரு முறையும் வாசிப்பு பாதியில் நிற்கிறது. கடைசியில் யாருமே தட்டவில்லை. அவனால் தாங்க முடியவில்லை. தானே எழுந்துபோய்க் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறான்.

சின்னவள் நாற்பத்தொரு அட்டைகளில் படம் வரைந்து சுவரில் ஒட்டினாள். எங்கிருந்து எடுப்பது, அவன் எந்தப் பக்கம் பார்ப்பது, எத்தனை விநாடி எல்லாம் அதில் இருந்தது. தம்பி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"இதென்னடி, உருளைக்கிழங்கு பெட்டி தூக்கிட்டுப் போகுது?"

"அது நீ."

"சரி, உருளைக்கிழங்கு ஏன் எப்பவும் வலது பக்கமே பாக்குது?"

"கதவு அந்தப் பக்கம். வாசிக்கும்போதே உன் கண்ணு கதவு மேல இருக்கணும். அதான் படமே."

மெட்டுக்கு அவன் பதினொரு நாள் எடுத்துக்கொண்டான். அந்தப் பதினொரு நாளும் வீட்டில் ஒழுங்காகப் பதில் கிடைக்கவில்லை. சாப்பிட வா என்றால், "மூணு, அஞ்சு, கதவு" என்பான். பிறகு ஒருநாள் குளியலறையிலிருந்து ஈரத் தலையோடு ஓடிவந்தான்.

"சின்னவளே, ஒவ்வொரு தடவையும் அவன் வேற வேற மாடியில மாட்டிக்கணும்! பால்காரன் தட்டும்போது நாலுல நிக்கட்டும். அந்தம்மா தட்டும்போது ரெண்டுல. கூரியர்காரன் வரும்போது, இறங்கறதுக்கு ஒரே ஒரு மாடிதான் பாக்கி, அங்க மாட்டணும். பாக்கறவன் துடிக்கணும்."

எனக்கு இசை அவ்வளவாகத் தெரியாது. ஆனால் அன்று மாலை அவன் வாசித்துக் காட்டியபோது, கூரியர் இடத்தில் நானே எழுந்து அந்தக் கட்டையைத் தட்டிவிடலாமா என்று தோன்றியது.

படப்பிடிப்பு ஒரு செவ்வாய்க்கிழமை, அவனுடைய வாராந்திர விடுப்பு நாளில், அவன் அறையிலேயே நடந்தது. அட்டைப்படி கேமராவை வைக்கவேண்டிய மூலையில் பெரிய இரும்பு அலமாரி இருந்தது. மூன்று பேரும் சேர்ந்து தள்ளினோம். அது நகரவில்லை, தம்பியின் இடுப்புதான் பிடித்துக்கொண்டது. வேறு வழியின்றிச் சின்னவள் கேமராவை எதிர்மூலைக்குக் கொண்டுபோனாள். பின்னால் வெறும் சுவர், முன்னால் நாற்காலியில் தம்பி. நன்றாகவே வந்தது. ஆனால் இப்போது வாசிக்கும் காட்சிகளில் எல்லாம் அவன் இடது பக்கம் பார்த்தான். கதவுக் காட்சிகளோடு சேர்த்து ஒட்டினால், கதவு தட்டப்படும்போதெல்லாம் சுவரைப் பார்த்து விழித்தான்.

எடிட்டிங் செய்யும்போது சின்னவள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரு பொத்தானை அழுத்தினால் காட்சி இடம் வலமாகத் திரும்பிவிடும். ஏழு காட்சிகளைத் திருப்பினாள். திருப்பிவிட்டு எங்களைக் கூப்பிட்டாள்.

"இப்பத்தான் அக்கா நம்ம அண்ணன் மாதிரியே இருக்கான். முதல்ல என்னமோ யாரோ மாதிரி இருந்தான்."

நானும் பார்த்தேன். உண்மைதான். அவனேதான்.

தம்பியும் பார்த்தான். "அட, நல்லாத்தான் இருக்கேன்" என்று மீசையைத் தடவிக்கொண்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை இசைப்பதிவு. எங்கள் கட்டடத்தின் மாடிப்படியில் ஒலி நன்றாகச் சுற்றும் என்று அவன் சொன்னான். மாஸ்டரிடம் நல்ல மைக் ஒன்றை இரவல் வாங்கி, இரண்டாம் மாடித் திருப்பத்தில் வைத்தோம். லேப்டாப்பில் படம் ஓட, அதைப் பார்த்துக்கொண்டே அவன் வாசிக்க வேண்டும். நான் கீழ்ப்படியில் காவல். முதல் முறை, கீழ்வீட்டுக்காரர் செருப்புச் சத்தத்தோடு ஏறி வந்தார். இரண்டாம் முறை அவரே இறங்கினார். மூன்றாம் முறை அவரை எங்கள் வீட்டுக்குள் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தேன். நான்காம் முறை நன்றாக அமைந்தது. படத்தில் விரல் விழும் இடமும் ஒலி எழும் இடமும் இம்மி பிசகவில்லை.

"எப்படி அண்ணா இவ்ளோ சுலபமா வருது? மத்தவங்க ரெண்டு நாள் தலையைப் பிச்சுக்கறாங்க."

"என்னமோ தெரியல, நானே எதிர்ல உக்காந்து வாசிக்கிற மாதிரி இருக்கு."

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் படத்தைக் கொடுக்க வேண்டும். வியாழன் காலை பத்து மணிக்கு மாஸ்டர் மைக்கை வாங்க வந்தார். தம்பிக்கு அந்த வாரம் வியாழனுக்கு விடுப்பு மாறியிருந்தது, வீட்டில்தான் இருந்தான். சின்னவள் பெருமையோடு படத்தைப் போட்டுக் காட்டினாள்.

மாஸ்டர் இரண்டு விநாடிதான் பார்த்திருப்பார்.

"யாருய்யா இது?"

"நான்தான் மாஸ்டர்."

"நீ எப்பய்யா இடது கைக்கு மாறின?"

மாஸ்டர் திரையில் விரலை வைத்தார். "கட்டை வலது கையில இருக்கணும். உனக்கு இடது கையில இருக்கு. பெட்டியைத் திருப்பிப் போட்டுட்டியா, இல்ல உன்னையே திருப்பிப் போட்டுட்டாங்களா?"

சின்னவளின் முகம் வெளுத்தது. தம்பி எழுந்தான், பெட்டியைத் தோளில் மாட்டினான், தன் வலது கையைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், மறுபடி கையைப் பார்த்தான். பிறகு அலமாரிப் பக்கம் திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டான்.

அலமாரிக் கதவில் ஆளுயரக் கண்ணாடி. குறுகலான அறை, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அந்தக் கண்ணாடியைப் பார்த்துத்தான் அவன் தினமும் பழகுவான். எட்டிப் பார்க்கும் எங்களுக்கும் அவன் முதுகும், கண்ணாடிக்குள் அவன் முகமும் கையும்தான் தெரியும். பதினாலு வருடமாக அவன் தன்னைப் பார்த்ததும் கண்ணாடியில்தான், நாங்கள் அவனைப் பார்த்ததும் கண்ணாடியில்தான். மேடைக் கச்சேரி என்றால் நாங்கள் உட்காருவதோ கடைசி வரிசை. திருப்பிப்போட்ட தம்பிதான் எங்களுக்கு நேரான தம்பி.

மாஸ்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என்னைப் பார்த்து, "பிழை திருத்தற வீட்டுலயே இப்படியா மேடம்?" என்றார்.

"சிரிக்காதீங்க சார்" என்றாள் சின்னவள். "மார்க் போடறவங்கள்ல ஒருத்தர் வாத்தியக்காரர். முதல் நிமிஷத்துலயே கண்டுபிடிச்சிடுவார். இசைக்காரனைப் பத்திப் படம் எடுத்துட்டு அவன் கையையே தப்பாக் காட்டினா... போச்சு. வேலையும் போச்சு."

"திரும்பவும் நேராத் திருப்பிடு" என்றேன்.

"திருப்பினா சுவரைப் பாக்கறான் அக்கா."

"மறுபடி எடுத்துடலாம்?"

"ஏழு ஷாட். ஒவ்வொண்ணும் இந்த வாசிப்போட விரல் விரலா ஒட்டி வெட்டியிருக்கேன். ரெண்டு நாளாவது வேணும்."

மாஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மீண்டும் படத்தைப் பார்த்தார். "கண்ணாடியில பாக்கற மாதிரியேதான்யா இருக்கு..." என்று தலையாட்டினார்.

"அப்ப கண்ணாடியையே காட்டிடு" என்றான் தம்பி.

எல்லோரும் அவனைப் பார்த்தோம். அவன் நாற்காலியை அலமாரிக்கு முன் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஆரம்பத்துல ஒரே ஒரு ஷாட். முதல்ல நான் உக்காந்திருக்கேன், நேரா, வலது கையில கட்டை. கேமரா மெதுவாத் திரும்பி கண்ணாடிக்குள்ள போகுது. அங்க இருந்து உன் ஏழு ஷாட்டும் கண்ணாடிக்குள்ளதான் நடக்குதுன்னு எல்லாருக்கும் புரிஞ்சிடும். தனியா வாசிக்கிறவன் கண்ணாடியைப் பாக்காம வேற எதைப் பாப்பான்?"

சின்னவள் அவனை வெறித்துப் பார்த்தாள். பிறகு தாவிச் சென்று கேமராவை எடுத்தாள்.

படப்பிடிப்பன்று அவன் அணிந்திருந்த நீலக் கட்டம் போட்ட சட்டை வாளியில் ஊறிக்கொண்டிருந்தது. பிழிந்து, அப்படியே அவன் உடம்பில் மாட்டினேன். ஈரம் பெட்டிக்குள் இறங்கக்கூடாதென்று மாஸ்டர் தன் கைக்குட்டையையும் எங்கள் துண்டையும் சட்டைக்கும் பெட்டிக்கும் நடுவில் செருகினார். தம்பிக்கு நடுக்கம். "நிமோனியா வந்தா அதையும் டைட்டில்ல போடு" என்றான். ஜன்னல் வெளிச்சம் சுவரில் படப்பிடிப்பு நாளில் இருந்த இடத்துக்கு வரப் பதினைந்து நிமிடம் காத்திருந்தோம்.

ஒத்திகை பார்த்தோம். கேமரா அவனிடமிருந்து கண்ணாடிக்குள் போய்ச் சேர இருபத்திரண்டு விநாடி. அதற்குக் குறைத்தால் குலுங்கியது. அப்போதுதான் அடுத்த சிக்கல் வந்தது. இருபத்திரண்டு விநாடிக்கு இசை இல்லை.

"ஏதாவது வாசிச்சு அடை" என்றார் மாஸ்டர். "உனக்குச் சொல்லணுமா லிஃப்ட்டு?"

தம்பி வாசித்துப் பார்த்தான். அறைக்குள் வாசித்தது தகரடப்பா மாதிரி கேட்டது. மாடிப்படியில் வாசித்ததோடு சேரவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு படிக்குப் போக நேரம் இல்லை; வெளிச்சம் நகர்ந்துகொண்டிருந்தது, மாஸ்டரும் மைக்கோடு அடுத்த கச்சேரிக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. வேறு மெட்டு போட்டுப் பார்த்தான். அடுத்து வரும் மெட்டு சப்பென்று ஆனது. உதட்டைக் கடித்தான். அவன் அடைக்க முடியாமல் உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"அடைக்கல" என்றான் கடைசியில். "திறந்தே விடறேன். எடு."

அக்கார்டியனில் இடது கட்டைவிரலுக்கு ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் ஸ்வரம் எதுவும் எழாமல் காற்று மட்டும் உள்ளே போய் வெளியே வரும். அவன் அதை அழுத்திக்கொண்டு துருத்தியை மெல்ல விரித்தான். மெல்ல மூடினான். மறுபடி விரித்தான். அவ்வளவுதான். கட்டைகள் மேல் வலது கை சும்மா காத்திருந்தது. பெட்டி மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. சின்னவள் கேமராவைத் திருப்பிக்கொண்டே போனாள். கண்ணாடிக்குள் போய்ச் சேர்ந்த இடத்தில் அவன் கண்கள் வலப்பக்கம் போயின, கதவைத் தேடி. அங்கே முதல் ஸ்வரம்.

மாஸ்டர் மைக் வயரைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். போகும்போது வாசலில் நின்று, "பதினாலு வருஷமா உன்னைச் சும்மா இருக்கவே விடல நான்" என்றார்.

"இனிமே சும்மா இருந்தா சம்பளம் தருவீங்களா மாஸ்டர்?"

"போடா."

வெள்ளிக்கிழமை மூன்று நாற்பதுக்குச் சின்னவள் படத்தைக் கொடுத்தாள். அடுத்த புதன்கிழமை திரையிடல். தம்பிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் கயிறு மாற்றும் வேலை. நான் மட்டும் சின்னவளோடு போனேன். சின்ன அரங்கு, முன்வரிசையில் மூன்று தேர்வாளர்கள். படம் முடிந்ததும் அவளை மேடைக்கு அழைத்தார்கள். வாத்தியக்காரர் என்று அவள் பயந்தவர் தொண்டையைச் செருமினார்.

"ஏன் கண்ணாடிக்குள்ள வெச்சீங்க?"

சின்னவள் இதற்குப் பெரிய பதில் ஒன்றைத் தயாரித்து, பேருந்தில் என்னிடம் மூன்று முறை ஒப்பித்திருந்தாள். கலைஞன், தனிமை, பிம்பம் எல்லாம் அதில் இருந்தன. அவள் வாயைத் திறந்தாள். "பட்டனைத் தப்பா அமுக்கிட்டேன் சார்" என்று ஆரம்பித்து, அலமாரி, மாஸ்டர், ஈரச்சட்டை வரை ஒன்று விடாமல் ஒப்பித்துவிட்டாள். அரங்கமே சிரித்தது. அவளுடைய ஆசிரியை நெற்றியில் கை வைத்துக்கொண்டார். செருமியவர் மட்டும் சிரிக்காமல் எதையோ எழுதினார்.

ஒரு மணி நேரம் கழித்து முடிவை ஒட்டினார்கள். எழுபத்தொரு மதிப்பெண். தேர்ச்சி. ஆசிரியை அங்கேயே வேலை நியமனத் தாளில் அவளிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்.

தம்பிக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. லிஃப்ட் குழிக்குள் சிக்னல் இருக்காது. சின்னவளை அவள் தோழிகள் விடவில்லை. நான் பேருந்து பிடித்து அந்த அலுவலகக் கட்டடத்துக்குப் போனேன். இரண்டாம் மாடியில் லிஃப்ட் கதவு திறந்திருந்தது. குறுக்கே ஒரு கட்டை, 'வேலை நடக்கிறது' என்ற பலகை. படியேறி வந்த ஊழியர்கள் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். கட்டைக்கு இந்தப்பக்கம் நின்று எட்டிப் பார்த்தேன். ஓர் ஆள் ஆழத்தில், லிஃப்ட்டின் கூரைமேல், விளக்கு வெளிச்சத்தில் அவன் உச்சந்தலை தெரிந்தது.

"டேய்!"

"அக்காவா? என்ன ஆச்சு?"

"பாஸ்! எழுபத்தொண்ணு! வேலையும் கிடைச்சிடுச்சு, கையெழுத்துப் போட்டுட்டா!"

கீழே ஸ்பானர் விழும் சத்தம். "எங்க அந்தக் கழுதை?"

"தோழிகளோட ஆடிக்கிட்டு இருக்கா."

"ஆடட்டும், ஆடட்டும்." பிறகு, வேறெதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டு கேட்டான்: "அந்த இருபத்திரண்டு செகண்டுக்கு யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"அந்த வாத்தியக்காரர் வெளிய வரும்போது என்கிட்ட வந்தார்."

"வந்து?"

"ஆரம்பத்துல மூச்சு விடறது யாருன்னு கேட்டார்."

"நீ என்ன சொன்ன?"

"என் தம்பின்னு சொன்னேன்."

கீழே விளக்கு கொஞ்சம் ஆடியது. பிறகு கீழேயிருந்து சிரிப்பு கிளம்பி, குழி முழுக்கச் சுற்றி, எந்த மாடியிலிருந்து வருகிறது என்றே தெரியாமல் மேலே ஏறி வந்தது. படியில் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

"தள்ளி நில்லு அக்கா" என்றான். "கதவைச் சாத்தப் போறேன்."